8.18 எப்படி வந்தது?

பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். பிள்ளையின் கையில் இருப்பதோ ஓ, ஏ பிளஸ், பி என்று வெறும் எழுத்துகள். பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று மாணவர்கள் பலர் அந்த எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்து ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் தவறு. கிரெடிட்டைச் சேர்க்காமல் ஜி.பி.ஏ. கணக்கே கிடையாது.

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு உள்ள எடை. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி, வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கிரேடுகளுக்கும் எண் உண்டு. ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதன் கிரேடு எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். வருவதுதான் ஜி.பி.ஏ.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் வரும் முதல் செமஸ்டரையே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி கணிதத்தில் (4 கிரெடிட்) பி பிளஸ் வாங்குகிறாள்: 28. இயற்பியல் (3) ஏ: 24. வேதியியல் (3) பி: 18. பைத்தான் (3) ஏ பிளஸ்: 27. ஆங்கிலம் (3) ஏ: 24. தமிழர் மரபு (1) ஓ: 10. பைத்தான் ஆய்வகம் (2) ஓ: 20. இயற்பியல்-வேதியியல் ஆய்வகம் (2) ஓ: 20. ஆங்கில ஆய்வகம் (1) ஏ பிளஸ்: 9. கூட்டினால் 180. மொத்த கிரெடிட் 22. வகுத்தால் 8.18.

கிரெடிட்டை விட்டுவிட்டு ஒன்பது கிரேடு எண்களை மட்டும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 8.56 வரும். ஆய்வகங்களிலும் ஒரு கிரெடிட் பாடத்திலும் வாங்கிய நல்ல கிரேடுகள் அந்தத் தவறான கணக்கில் அளவுக்கு மீறி எடை பெற்றுவிடுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷனுக்கு ஒட்டுமொத்தச் சராசரி 8.5 வேண்டும், எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறியும் இருக்க வேண்டும். 8.56 என்று நம்பி நிம்மதியாக இருக்கும் பிள்ளை உண்மையில் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறாள்.

இதே கணக்கு, எங்கே உழைக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடும். கணிதத்தில் ஒரு கிரேடு ஏறியிருந்தால் அவளுடைய ஜி.பி.ஏ. 8.36. தமிழர் மரபில் ஒரு கிரேடு இறங்கியிருந்தாலும் 8.14தான். நான்கு கிரெடிட் பாடத்தைப் பயந்து ஒதுக்கிவிட்டு ஒரு கிரெடிட் பாடத்துக்கு இரவெல்லாம் கண்விழிப்பது சராசரிக்கு உதவாது.

அரியர் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அவள் வேதியியலில் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். சில பல்கலைக்கழகங்கள் தேறாத பாடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்போது 162ஐ 19ஆல் வகுக்க வேண்டும், 8.53 வரும். தேறியபோது 8.18, தேறாதபோது 8.53! வேறு சில இடங்களில் தேறாத பாடத்தின் கிரெடிட்டையும் சேர்த்து, கிரேடுக்குச் சுழியம் போடுவார்கள், அப்படியானால் 7.36. ஆகவே அரியர் உள்ள செமஸ்டரின் ஜி.பி.ஏ.வைப் பார்த்து மகிழவும் வேண்டாம், உடைந்துபோகவும் வேண்டாம். அந்தப் பாடத்தைத் தேறிய பிறகு வரும் எண்தான் நிற்கும்.

இத்தனை செமஸ்டருக்கும் சேர்த்து வருவது சி.ஜி.பி.ஏ. இதற்கும் செமஸ்டர் ஜி.பி.ஏ.க்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. அதே மாணவி இரண்டாம் செமஸ்டரில் 26 கிரெடிட்டுக்கு 195 புள்ளி எடுத்தால் அந்த ஜி.பி.ஏ. 7.5. சி.ஜி.பி.ஏ. என்பது 375ஐ 48ஆல் வகுத்த 7.81, இரண்டின் நடுவில் வரும் 7.84 அல்ல.

சி.ஜி.பி.ஏ.வைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம் என்று முதலாண்டு மாணவர்களிடம் சீனியர்கள் சொல்வதுண்டு. 162 கிரெடிட் உள்ள படிப்பில் 130 கிரெடிட் முடிந்து சி.ஜி.பி.ஏ. 7.0 இருப்பவர், மீதி 32 கிரெடிட்டிலும் ஓ மட்டுமே வாங்கினாலும் 7.59ஐத் தாண்ட முடியாது. எடை முன்னாலேயே ஏறிவிட்டது. முதல் இரண்டு செமஸ்டரைப் பழகிக்கொள்ளும் காலம் என்று விட்டுவிடுவது நான் பார்த்தவரையில் மிகப் பெரிய இழப்பு. அதிலும் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இனி அந்த பர்சென்ட் கேள்வி. பத்தால் பெருக்கினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் சி.ஜி.பி.ஏ. இருந்த ஆண்டுகளில் 9.5ஆல் பெருக்கச் சொன்னார்கள். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அட்டவணையில் 6.75க்கு 60 சதவீதம், 7.25க்கு 65 சதவீதம். இதே வரிசையில் 7.5 என்றால் 67.5 சதவீதம், 9.5ஆல் பெருக்கினால் 71.25; பத்தால் பெருக்கினால் 75. நேர்முகத் தேர்வில் 70 சதவீதம் கேட்கும் நிறுவனத்தின் முன் இந்த வித்தியாசம் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்மானிக்கும்.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் உச்சம் பெரும்பாலும் 4. ஜெர்மனியில் 1தான் சிறந்தது, 4 என்பது தேர்ச்சியின் கடைசி எல்லை. தேர்ச்சிக்கு 5 தேவைப்படும் பத்துப் புள்ளி முறையில் வாங்கிய 8.18, அவர்கள் பயன்படுத்தும் சூத்திரப்படி சுமார் 2.1 ஆகும். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது 8.18ஐ 0.4ஆல் பெருக்கி 3.27 என்று நீங்களாக எழுதிவிட வேண்டாம். பல்கலைக்கழகம் கேட்காதவரை உங்கள் மதிப்பெண் பட்டியலில் உள்ள எண்ணையே, "10க்கு 8.18" என்று கொடுங்கள். சதவீதம் கட்டாயம் என்றால் உங்கள் பல்கலைக்கழகம் அச்சிட்டிருக்கும் மாற்று விதியின்படி கணக்கிட்டு, அந்த விதியின் நகலையும் கூடவே இணையுங்கள்.