நூல் இழுத்த வளைவு

எண்பதுகளில் கண் முகாமுக்குப் போய்த் திரும்பிய தாத்தாக்களை சோடாபுட்டிக் கண்ணாடியை வைத்தே அடையாளம் சொல்லலாம். புரை விழுந்த லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு, அதன் வேலையை ஏறக்குறைய +10 பவர் கண்ணாடியிடம் விட்டுவிடுவார்கள். ஹரால்டு ரிட்லி 1949இலேயே லண்டனில் செயற்கை லென்ஸ் பொருத்தியிருந்தார். 1992இல் மதுரையில் ஆரோலாப் தொடங்கிய பிறகுதான் அது ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது.

அந்தத் தடித்த கண்ணாடிக்குள் இன்னொரு பவரும் ஒளிந்திருந்தது: கண்ணாடிக் கடையில் ‘சிலிண்டர்’ என்பார்களே, அது. புரையை எடுக்கக் கருவிழியின் மேல் விளிம்பில் 10, 12 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். கருவிழியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தையல். துணியை இறுக்கித் தைத்தால் சுருங்கிப் புடைக்குமே, அப்படித் தையல் இறுகிய திசையில் கருவிழி கூடுதலாக வளையும்; அதுவே சிலிண்டர். வாரங்கள் கழித்து இறுகிய தையலை வெட்டிவிட்டால் சிலிண்டர் இறங்கும். காயம் தளர்ந்துவிட்டாலோ மேல்கீழ் வளைவு தட்டையாகி, சிலிண்டர் குறுக்குத் திசைக்குத் திரும்பிவிடும். இந்த ஆட்டம் அடங்கும்வரை கண்ணாடி எழுத மாட்டார்கள். புரை எடுத்தும் எழுத்து மங்கலாகவே தெரிகிறதென்று நொந்தவர்களில் பலருக்கு இதுவே காரணம்.

இன்று, புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் பேகோ முறையில் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான். லென்ஸ் மடிந்து உள்ளே போகிறது, தையல் கிடையாது. அறுவையால் கூடும் சிலிண்டர் பெரும்பாலும் அரை டயாப்டருக்குள் நிற்கிறது. ஆனால் நம்மூர் முகாம் நோயாளிகளின் பார்வையை மாற்றியது, பேகோவுக்கு முன்பே, 6, 7 மில்லிமீட்டர் சுரங்க வெட்டில் தையலின்றிச் செய்யும் சிக்கனமான முறைதான் என்பேன். அதையும் மேலே வெட்டாமல் பொட்டுப்பக்கம் வெட்டினால் வளைவு இன்னும் குறைவாகவே மாறுகிறது.

முன்பே இருந்த சிலிண்டரையும் சேர்த்துத் தீர்க்க இப்போது டோரிக் லென்ஸ் இருக்கிறது, விலைதான் கூடுதல். அது ஒரு டிகிரி விலகினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும், 30 டிகிரி விலகினால் மொத்தமும் போகும். படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், நோயாளியை உட்கார வைத்தே அச்சைக் குறிக்கிறார்கள்.

வயது ஏற ஏறக் கருவிழி தானாகவே குறுக்குவாட்டில் கூடுதலாக வளையும். அதற்கு ஈடாக, மேல்கீழ்த் திசையில் கொஞ்சம் சிலிண்டரை வேண்டுமென்றே விட்டுவைக்கும் மருத்துவர்களும் உண்டு.