நுரையில் நின்று 'போஸ்': படம் அழகு, காலடியில் சாக்கடை!

வானம் இருட்டினால் மாடல் படம் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்தும் மெரினாவுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு.

காரணம் வெளிச்சம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மேகம் மூடினால் முகம் பளிச்!

தொல்லையும் உண்டு. காற்றில் ரிப்ளெக்டர் பட்டமாய்ப் பறக்கும். லென்சில் உப்புத் துளி அப்பிக்கொள்ளும். இதெல்லாம் சின்னத் தொல்லை.

வெள்ளை நுரை

2019 நவம்பர் கடைசியில் பலத்த மழைக்குப் பின் மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் பஞ்சுப் பொதிபோல நுரை ஒதுங்கியது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு அதில் நின்று படம் பிடித்தார்கள்.

அத்தனையும் கழிவு! சுத்தம் செய்யாத சாக்கடையும் சோப்புத்தூள் தண்ணீரும் மழைநீரோடு கடலில் கலந்து, அலை அடித்து எழும்பிய நுரை. தோலுக்கு ஆகாது என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். மீனவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது; மீனை வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

நமக்கும் பங்கு

திருவேற்காடு, மதுரவாயல் வழியாக ஓடும் கூவம், நேப்பியர் பாலம் அருகே கடலில் சேர்கிறது. இங்கே அதில் விழும் சாக்கடை, போய்ச் சேருவது மெரினாவில்தான்!

கேமராக்காரர்களே, உஷார்! நுரையைக் கண்டால் மாடலை அதில் இறக்காதீர்கள். அலைக்கு முதுகு காட்டியும் நிறுத்தாதீர்கள்.