ஸ்கேனில் ஒன்றுமில்லை, தலை மட்டும் சுற்றுகிறது

மெடிக்கல் லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பெரட்டுக்கு, காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். தலையில் அடிபட்டது; ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் தலை சுற்றுகிறது, இது மனப்பிரமையா? மலையக வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பிரமை இல்லை.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்தனர்; 50க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இத்தகைய விபத்துகளில் தலையில் அடிபட்டு, 'சிறு காயம்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களை அதன்பின் யாரும் விசாரிப்பதில்லை.

தலைக்காயத்தில் 'சிறு காயம்' என்பது முதல் நாளின் கணக்கு. நினைவிழந்தது 30 நிமிடத்துக்கு மேல் போகவில்லை, ஞாபகக் குழப்பம் 24 மணி நேரத்துக்குள் தீர்ந்தது என்றால் அந்த முத்திரை விழும். மூன்றாம் மாதம் எப்படியிருக்கும் என்று அது சொல்லாது. 2019இல் வெளியான அமெரிக்காவின் டிராக்-டிபிஐ தலைக்காய ஆய்வில், இந்த முத்திரை பெற்றவர்களில் 53 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் அன்றாட வாழ்வில் தடங்கல் இருப்பதாகக் கூறினர்.

உள்ளே நடப்பது இதுதான். மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய உயிரணுவின் பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். அதே வேளையில் மூளைக்கான இரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு ஏறும்போது வரவு இறங்குகிறது. சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். இந்தப் பற்றாக்குறையைக் காட்டாது.

தோட்டத்துக்குத் திரும்பினால், கொழுந்துக்கூடையின் கயிறு தங்குவதோ அதே தலையில். பனியில் நனைந்த சரிவில் மறுபடி வழுக்கி விழுந்தால், பற்றாக்குறை தீராத மூளை இரண்டாவது அடியையும் தாங்க வேண்டும். படிப்படியாக வேலைக்குத் திரும்பச் சொல்கிறது மருத்துவம். பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) அந்தப் படிகளுக்கு இடமேது? 2026 வரவுசெலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளருக்கு முன்மொழிந்த 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையும் வேலைக்கு வந்த நாளுக்குத்தான்.

இருட்டறையில் கிடக்க வேண்டுமா? முதல் 24 முதல் 48 மணி நேர ஓய்வு போதும், பிறகு மெல்ல நடக்கலாம்.

எப்போது குணமாகும்? பலருக்குச் சில வாரங்களில். மூன்று மாதம் தாண்டினால் மறுபடி வைத்தியரிடம் போக வேண்டும்.

அடுத்தடுத்து வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி? உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் வாங்கும்போது, 'இலகுவான வேலை, தலையில் பாரம் கூடாது' என்று திகதி போட்டு எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.