ஆர்பிசி: வேகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்கிறோம். ஆர்டரைப் பதிவு செய்யும் புரோகிராம் ஒரு சர்வரில் ஓடுகிறது. பணம் எடுப்பது இன்னொன்றில், டெலிவரி ஆளைத் தேடுவது மூன்றாவதில். இப்படி ஒரு கணினியில் ஓடும் புரோகிராம், வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனைத் தன்னுடையதைப் போலவே கூப்பிட்டு வேலை வாங்கும் முறைக்குத்தான் ஆர்பிசி, அதாவது தொலைநிலைச் செயல்முறை அழைப்பு என்று பெயர். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் இதை நடைமுறையில் செய்துகாட்டி, 1984-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதன்பின் கோர்பா (1991), ஜாவா ஆர்எம்ஐ (1997), சோப் என்று இதே வகைத் தொழில்நுட்பங்கள் வரிசையாக வந்தன. எண்பதுகளில் பிறந்த சன் ஆர்பிசி, என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வுக்கு அடியில் இன்றும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்கும் குழு பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் யோசிக்கும்: கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜிஆர்பிசி, அல்லது ஹெச்டிடிபி வழியே ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் செய்தி அனுப்புவது.

ஜிஆர்பிசிக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது வேகம். அது செய்திகளை அனுப்பும் புரோட்டோபஃப் வடிவத்தில் 150 என்ற ஒரு மதிப்பை 3 பைட்டில் அனுப்பிவிடலாம். ஜேசனில் ஓரெழுத்துப் பெயரோடு மிகச் சிறிதாக எழுதினாலும் 9 பைட் ஆகும். உண்மைதான். ஆனால் டேட்டாபேஸே 50 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் இடத்தில் இந்த மிச்சம் யார் கண்ணுக்கும் படாது. என்னைக் கேட்டால் அதன் பெரிய பலம் ஒப்பந்தக் கோப்பு. எந்த ஃபங்ஷன், என்ன உள்ளீடு, என்ன பதில் என்று ஒரே இடத்தில் எழுதிவைத்தால், கோ, ஜாவா, பைத்தான் எனப் பல மொழிகளுக்கும் நிரல் தானாக உருவாகிறது. அந்தக் கோப்பில் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் உண்டு. நீக்கிய புலத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால், பழைய புரோகிராம் தள்ளுபடித் தொகையைக் கட்டணமாக வாசித்துவிடும். பிழைச் செய்திகூட வராது. அதனால்தான் நீக்கிய எண்களை ஒதுக்கிவைக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது.

எந்தத் தொழில்நுட்பத்தை எடுத்தாலும் விடாத சிக்கல் ஒன்று உண்டு. பணம் எடுக்கச் சொல்லி அழைத்தோம், பதில் வரவில்லை. கோரிக்கை போய்ச் சேரவில்லையா? சேர்ந்து, பணமும் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அல்லது அந்தச் சர்வர் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறதா? கூப்பிட்டவருக்குத் தெரிய வழியில்லை. ஒரே கணினிக்குள் நடக்கும் அழைப்பில் இந்தக் குழப்பம் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது ஆபத்து என்று சன் நிறுவனத்தின் ஜிம் வால்டோவும் சகாக்களும் 1994-லேயே எழுதினார்கள். மறுபடி அழைத்தால் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் போகலாம். ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே அனுப்பும்படி நாம்தான் எழுத வேண்டும். இந்த வேலையை ஜிஆர்பிசி செய்து தராது.

காலக்கெடு விஷயத்தில் அது உதவும். இரண்டு நொடி என்று முதல் சர்வர் கெடு வைத்தால், மிச்ச நேரத்தை அடுத்த சர்வருக்குக் கடத்தலாம். ஆனால் நாமாக வைக்காவிட்டால் கெடுவே கிடையாது. அழைப்பு காத்துக்கொண்டே கிடக்கும்.

எதிர்முனையில் யார் என்பதும் முக்கியம். பிரவுசரால் ஜிஆர்பிசியை நேரடியாகப் பேச முடியாது. நடுவில் மொழிபெயர்த்துத் தரும் ஒரு பிராக்ஸி வேண்டும். வெளி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் சேவை என்றால் ஜேசன்தான் சரி. வருகிற செய்தியைக் கண்ணால் படித்தே தப்பைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பக்கமும் நம் குழுக்களே, மொழிகளும் பல என்றால் ஜிஆர்பிசி. நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் மென்பொருளைப் பல சர்வர்களாகப் பிரிப்பதே வீண் வேலை. சாதாரண ஃபங்ஷன் அழைப்பே போதும்.

ஜிஆர்பிசியை எடுப்பவர்கள், வேலையைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை திறந்த இணைப்பை ஜிஆர்பிசி நெடுநேரம் பிடித்துவைத்து, எல்லா அழைப்புகளையும் அதிலேயே அனுப்பும். இணைப்புகளை மட்டும் பங்கிடும் பேலன்சர் இருந்தால், கூட்டம் அதிகமென்று புதிதாகச் சேர்த்த சர்வர் சும்மா இருக்க, பழையது மூச்சுத் திணறும். ஒவ்வொரு அழைப்பையும் பிரித்துப் பங்கிடும் பிராக்ஸியை வைத்தால் இது தீரும். அதை அமைத்துப் பராமரிக்கவும் குழுவில் ஒருவர் வேண்டும்.