செவ்வாயின் எரிமலைக் கல் பீகாரில் விழுந்த வரலாறு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமீது ஏறுவோர், காவலூரில் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் குவிமாடங்களைக் காண்பர். புதிதாகச் செல்வோர் தொலைவிலிருந்து நோக்கினால் பள்ளிவாசலோ என்று ஐயுறுவதும் உண்டு. அவை வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடங்கள். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்கு 1977 மார்ச் 10 அன்று சான்று கிடைத்த இடங்களுள் காவலூரும் ஒன்று. கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கிய சிறுகோள் 1988இல் இங்கிருந்தே கண்டறியப்பட்டது.

எனினும் தொலைநோக்கி நமக்குத் தருவது ஒளியை மட்டுமே. ஒரு கோளின் மேற்பரப்பில் எவ்வகைப் பாறை இருக்கிறது என்பதை ஒளியைப் பகுத்து ஓரளவு கூறலாம். அப்பாறை எப்போது உருகி உறைந்தது என்பதைக் கூற வேண்டுமாயின் கல்லே கைக்கு வர வேண்டும். செவ்வாய்க் கோளின் கல் அவ்வாறு நம் நாட்டிற்குத் தானாகவே வந்து சேர்ந்தது.

1865 ஆகஸ்ட் 25ஆம் நாள் காலை, பீகாரில் கயை நகருக்கு அருகே உள்ள ஷெர்காட்டியில், ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று வானிலிருந்து விழுந்தது. வானத்துக் கற்களை மனிதர் மதிப்பது புதிதன்று. 1621இல் ஜலந்தர் அருகே விழுந்த இரும்பு விண்கல்லைப் பேரரசர் ஜஹாங்கீர் தம் அரண்மனைக்கு வரவழைத்து, உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லரைக் கொண்டு வாள்கள் செய்வித்தார். அச்செய்தியைத் தம் நினைவுக் குறிப்பிலும் எழுதி வைத்தார். ஆனால் ஷெர்காட்டிக் கல் இரும்பன்று. பார்வைக்கு அது வெறும் கல்தான். வயலில் கிடந்தால் உழவர் வரப்பில் எறிந்திருப்பார். அது கல்கத்தா வரை சென்று சேர்ந்ததை நற்பேறு என்றே கூற வேண்டும்.

1872இல் வியன்னா நகர அறிஞர் செர்மாக் அதன் துண்டை ஆராய்ந்தார். அது தக்காணத்துக் கரும்பாறையைப் போல எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கல். ஆனால் அதன் படிகங்களுள் ஒருவகை, படிக வடிவம் மாறாமலே கண்ணாடியாகி இருந்தது. பேரதிர்ச்சி ஒன்று தாக்கியதன் தழும்பு அது என்பது பிற்காலத்தில் புலனாயிற்று.

விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பெரும்பாலான விண்கற்களின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். ஷெர்காட்டிக் கல்லோ சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் உறைந்திருந்தது. சிறுகோள்கள் உருவில் சிறியவை. அவற்றின் உட்சூடு தொடக்கக் காலத்திலேயே ஆறிவிட்டது. ஆகவே இக்கல் பிறந்த உலகம், அண்மைக் காலம் வரை எரிமலைகள் கனன்ற பெரிய கோளாக இருத்தல் வேண்டும். செவ்வாயோ என்று சிலர் ஐயுற்றனர். ஐயம் சாட்சியாகாது அல்லவா?

சாட்சி காற்றிலிருந்து வந்தது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைகிங் கலங்கள் அங்குள்ள காற்றின் கலவையை அளந்து அனுப்பின. 1979இல் அண்டார்டிகாவின் பனிப்பரப்பில் ஷெர்காட்டி இனத்தைச் சேர்ந்த மற்றொரு கல் கிடைத்தது. அக்கல்லில் கரிய கண்ணாடித் திட்டுகள் இருந்தன. மோதலின்போது பாறை உருகிக் கண்ணாடியாகும் நொடியில், சுற்றியிருந்த காற்றும் அதனுள் சிறைப்பட்டிருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் போகார்ட், ஜான்சன் ஆகிய இருவரும் அதை வெளிப்படுத்தி அளந்து 1983இல் முடிவை வெளியிட்டனர். ஆர்கான் முதலிய வாயுக்களின் விகிதம், வைகிங் அளந்த செவ்வாய்க் காற்றோடு பொருந்தி நின்றது. அக்கல்லின் உறவான ஷெர்காட்டியின் பிறப்பிடமும் அதனால் உறுதியாயிற்று. இன்று உலகம் முழுவதும் இவ்வினத்துக் கற்களை 'ஷெர்காட்டைட்' என்றே அழைக்கின்றனர். 1962இல் நைஜீரியாவின் ஜகாமியிலும் 2011இல் மொராக்கோவின் திஸிண்டிலும் விழுந்தவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 1911இல் எகிப்தின் நக்லாவில் விழுந்தவையும் செவ்வாய்க் கற்களே; ஆனால் வேறு இனம்.

செவ்வாயில் எந்த இடம்? ஒரு விண்கல் அங்கே மோதும்போது பாறைத் துண்டுகள் கோளின் ஈர்ப்பையும் மீறி வெளியே பறக்கின்றன. மோதிய இடத்தில் பள்ளம் எஞ்சுகிறது. கல் விண்வெளியில் அலைந்த காலத்தை, அண்டக் கதிர்கள் அதில் விட்டுச் சென்ற தடயத்தால் கணக்கிடலாம். அதே காலத்தில் தோன்றிய, போதிய அளவுள்ள பள்ளம் எது என்று தேடுவதே முறை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 200 கற்கள் தார்சிஸ், எலிசியம் என்னும் இரு எரிமலைப் பகுதிகளிலுள்ள 5 பள்ளங்களிலிருந்து வந்தவை. காற்றுச் சான்றைப் போல இதை ஐயமற்றது என்று கொள்ள நாம் தயங்குகிறோம். இது கணக்கும் ஒப்பீடும் கூடிய ஊகம். மனிதர் செவ்வாயிலிருந்து எடுத்து வந்த கல் இதுவரை ஒன்றும் இல்லை.

ஷெர்காட்டிக் கல்லின் பெரும்பகுதி கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. நம் நாட்டில் விழும் விண்கற்களைச் சேர்த்துக் காக்கும் பொறுப்பு அத்துறையுடையதே. நம் வட்டாரத்து வயலிலோ மலைச் சரிவிலோ வானிலிருந்து கல் விழக் கண்டால் அதைக் கழுவவோ உடைக்கவோ கூடாது. விழுந்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாக அத்துறைக்குத் தெரிவிக்கலாம்.