மேற்கு மலையின் உயிர்கள் – 14: மூங்கிலுக்குள் காவல் இருக்கும் தந்தை

வெண்புள்ளிப் புதர்த் தவளை, அகத்தியமலைத் தொடரில் வாழும் அரிய மரத்தவளை. உடல் நீளம் மூன்று சென்டிமீட்டரைத் தொடாது. முதுகு பளிச்சிடும் பச்சை. தொடைகள் சாம்பல் கலந்த நீலம். கண்ணில் பொன்னிறத் திட்டுகள். அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ் சலசோடஸ். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1876இல் இதை முதலில் விவரித்தார். பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதைப் பற்றிய தகவலே இல்லை. காணாமல்போன நீர்நில வாழ்விகளைத் தேடும் திட்டத்தை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு தலைமையிலான குழு நடத்தியது. அதில் இந்தத் தவளை மீண்டும் கிடைத்த செய்தி 2011இல் வெளியானது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உயர்ந்த பகுதிகள் இதன் இருப்பிடம். மேல் கோதையாற்றை ஒட்டிய பசுமைமாறாக் காடுகளில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பொழிகின்றன. மற்ற நாள்களிலும் மூடுபனி அடிக்கடி இறங்குவதால் ஈரம் காய்வதில்லை. மரங்களின் கீழே நாணல் மூங்கில் புதராக மண்டியிருக்கும். தவளை பகலில் அதனுள் பதுங்கி, இரவில் நடமாடும்.

இதன் இனப்பெருக்கம் விந்தையானது. மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி உள்ளீடற்றது. பூச்சிகளோ கொறிவிலங்குகளோ அதில் ஏற்படுத்திய குறுகிய பிளவு வழியே ஆண் தவளை நுழைந்து, உள்ளிருந்து குரல் கொடுக்கும். தானாகத் துளையிடும் திறன் அதற்குக் கிடையாது. பெண் தவளை உள்ளே வந்து ஐந்து முதல் எட்டு முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும். இந்த முட்டைகளுக்குக் குளமோ ஓடையோ வேண்டியதில்லை. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, குட்டித் தவளையே வெளிவரும். ஆனால் அதுவரை முட்டை உலரக் கூடாது. மூங்கிலின் உட்புறம் அந்த ஈரத்தைக் காக்கிறது. கே.எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் இதைத் தவளைகளிடையே அதுவரை அறியப்படாத இனப்பெருக்க முறையாக அறிவித்தனர்.

முட்டைகளைக் காப்பது தந்தையின் பொறுப்பு. முட்டைக்கு முக்கிய எதிரி, அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள். காவல் இல்லாத மூங்கிலில் நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடும். காவலிருந்த ஆண்களை ஆய்வாளர்கள் அகற்றிப் பார்த்தபோது, முட்டைகள் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. இரை தேட மட்டும் தந்தை சிறிது நேரம் வெளியேறும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இத்தவளையை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. வாழிடம் மிகச் சிறியது. முட்டையிட மூங்கிலிலும் எல்லாக் கழியும் உதவாது, பிளவுள்ள முற்றிய கழியே வேண்டும். காப்பகத்துக்குள் மூங்கில் வெட்டத் தடை உண்டு. வெளியே கூடை, பாய் முடையவும் காகிதக்கூழுக்காகவும் நாணல் மூங்கில் வெட்டப்படுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் கழிகளை வெட்டினால் உள்ளிருக்கும் முட்டைகளும் அழியும். எனவே வெட்டும் பருவத்தையும் விட்டுவைக்க வேண்டிய கழிகளையும் வரையறுப்பது, மூங்கிலில் முட்டையிடும் தவளைகளின் பாதுகாப்பில் அடிப்படையான தேவை.

(தொடரும்)