விடையைச் சரிபார்த்தல்

சமன்பாட்டைத் தீர்த்து விடை கண்டவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். சரிபார்த்தல் என்பது தேர்வில் நேரம் மிஞ்சினால் செய்யும் வேலை என்பது அவர்கள் கருத்து. உண்மையில் அதுவும் தீர்வின் ஒரு பகுதியே. இரண்டு கணக்குகளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

ஓர் எண்ணுடன் 6 ஐக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் அதே எண் கிடைக்கிறது. அவ்வெண் யாது? அதனை ‘ய’ என்று கொண்டால், √(ய + 6) = ய. இருபுறமும் வர்க்கப்படுத்த, ய + 6 = ய² ஆகும். இதற்கு 3, −2 என்று இரு விடைகள் வருகின்றன. முதற் சமன்பாட்டில் 3 ஐ இட்டால், 9 இன் வர்க்கமூலம் 3, பொருந்துகிறது. −2 ஐ இட்டால், இடப்புறம் 4 இன் வர்க்கமூலமாகிய 2, வலப்புறமோ −2. √ என்னும் குறி நேர் மூலத்தையே சுட்டுவதால் இது பொருந்தாது.

நாம் செய்த வழியில் பிழையில்லை. பின், இந்தப் போலி விடை எங்கிருந்து வந்தது? 2 இன் வர்க்கமும் 4. −2 இன் வர்க்கமும் 4. வர்க்கப்படுத்தும்போது குறைக்குறி மறைந்துவிடுகிறது. இடையில் வந்த சமன்பாட்டில் −2 உம் பொருந்தும். ஆகையால் முதலில் எழுதிய சமன்பாட்டிற்கே திரும்பிச் சென்று சரிபார்த்தல் வேண்டும்.

சில வேளைகளில் அதுவும் போதாது. 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியர், தம் ‘பீஜகணிதம்’ என்னும் நூலில் ஒரு குரங்குக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3 ஐ நீக்கி, எஞ்சியதை வர்க்கப்படுத்தினால் எத்தனை வருமோ, அத்தனை குரங்குகள் குகைக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் மரக்கிளையில் இருந்தது. மொத்தம் எத்தனை? 

சமன்பாடு ய² − 55ய + 250 = 0 என்று அமையும். விடைகள் 50, 5. ஐம்பதில் ஐந்தில் ஒன்று 10. 3 நீக்க 7. அதன் வர்க்கம் 49. கிளையிலுள்ள ஒன்றுடன் 50. ஐந்தை எடுத்தால், ஐந்தில் ஒன்று 1, 3 நீக்க −2, அதன் வர்க்கம் 4, ஒன்றுடன் 5. சமன்பாடு இரண்டையும் ஏற்கிறது. ஆனால் ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்குகளை நீக்குவது எங்ஙனம்? இங்கும் வர்க்கமே குறைக்குறியை மறைத்தது. பாஸ்கரர் 5 ஐத் தள்ளி, 50 ஐயே விடையாகக் கொண்டார்.

ஆகவே, மாணவ நண்பர்களே, விடை கிடைத்ததும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். முதற் சமன்பாடு இதனை ஏற்கிறதா? கணக்கின் பொருள் இதனை ஏற்கிறதா? இரண்டிற்கும் ‘ஆம்’ என்று மறுமொழி கிடைத்த பின்னரே எழுதுகோலைக் கீழே வையுங்கள்.